ஆள் இறங்கினால் சாவி கரையில்

எனக்கு நீச்சல் தெரியாது அம்மா. ஏரிக்கரையில் பிறந்து நாற்பத்து நான்கு வயதுவரை அதே கரையில் இருந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. சென்னையிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். கற்றுக்கொள்ள நேரம் வேண்டுமே. எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது.

சொல்ல வேண்டுமென்று கட்டாயமில்லை, சொன்னால் அது எனக்கு எதிராகவே போகும் என்று நேற்றே நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தீர்கள். இதற்கு முன்னால் எந்த மாஜிஸ்திரேட்டையும் நான் நேரில் பார்த்ததில்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் அவசரத்தில் இருந்தார். நான்கு வரியில் முடித்துவிட்டார். எனக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை.

என் பெயர் தணிகைமணி. இந்த ஜன்னலில் தெரிகிறதே, அந்த மலைக்கு நேர்ந்துகொண்டு நைனா வைத்த பெயர். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் பச்சையப்பன். பள்ளிப்பட்டுக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி நெல்லிக்கோனை என்று எங்கள் ஊர். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் கரை, நடுவில் ஏரி. ஏரிக்கு ஒரே மதகு. அதைத் திறந்து மூடும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு. நைனாவுக்குப் பிறகு எனக்கு வந்தது.

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் வந்தது. பெட்டியில் துணி அடுக்கிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நைனா வரப்பில் விழுந்தார். வலது பக்கம் செயலற்றுப் போனது, பேச்சும் குழறிவிட்டது. எங்களைப் பெற்றவள் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். தம்பி அருண்பாண்டியனுக்கு அப்போது பதினொரு வயது. பெட்டியிலிருந்த துணியை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டேன்.

அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் நான் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. நைனாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கூழ் ஊட்ட வேண்டும். வயலைப் பார்க்க வேண்டும், மதகைப் பார்க்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்தால்கூட மலையேறி சாமியைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். பிரேமாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது மறுவீட்டுக்குக்கூடக் காலையில் போய் மாலையில் திரும்பினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. பிள்ளை என்றால் தணிகைமணி மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். அவன் இல்லையென்றால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும் என்பார்கள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். சில நாள் மதகு மேடையில் நின்று சுற்றிலும் பார்ப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை முன்னால் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, நைனாவுக்குக் கூழ் ஊட்டும் நேரமாகிவிட்டது என்று இறங்கிவிடுவேன்.

தம்பியை நான்தான் படிக்க வைத்தேன். பெங்களூரில் வேலை பார்த்தான். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் ஹேமாவதியை விரும்பிக் கட்டிக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இரண்டு பேரும் ஒரு லாரியோடு வந்து இறங்கினார்கள். லாரியில் எட்டு பிளாஸ்டிக் படகுகள் இருந்தன. கயாக் என்றான். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டு உள்ள துடுப்பால் தள்ளிக்கொண்டு போவது. நம் ஏரியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருவார்கள் அண்ணா என்றான். நான் நம்பவில்லை. ஆனால் வந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். கயாக்கில் ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து மலைப்பாதையில் நடந்து சுனை வரைக்கும் ஏறி, இறங்கி வந்து நீந்திக் குளித்து, மத்தியானம் என் பொங்கலைச் சாப்பிடுவார்கள். பொங்கலும் லைஃப் ஜாக்கெட்டும் என் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்துத்தான் படகில் விடுவேன். இரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

தம்பி மட்டும் ஜாக்கெட் போடமாட்டான். தினமும் விடிந்ததும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலில் இறங்கி, ஏரியைச் சுற்றி நீந்தி வந்து மதகுக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் கரையேறுவான். தண்ணீரில் இருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் கரையில் துண்டோடு நிற்பேன்.

போன கார்த்திகையில் ஒருநாள் என்னைக் கட்டாயப்படுத்திக் கயாக்கில் முன்னால் உட்கார வைத்தான். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவனே தள்ளினான். அக்கரையில் கொன்றை மரங்களுக்கு அடியில் நிறுத்தித் திருப்பினான். அங்கிருந்து முதல்முறையாக எங்கள் ஊரைப் பார்த்தேன். மதகு ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. எங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. நாற்பத்து நான்கு வருஷம் அந்தத் தீப்பெட்டியிலா இருந்தேன் என்று நினைத்தேன்.

நடு ஏரியில் அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணா, நீ இன்னா ஆயுசுக்கும் இந்தக் கரையிலயே நின்னுகினு இருக்கறது. தை மாசம் நீயும் அண்ணியும் கெளம்புங்க. நைனாவ நான் பாத்துக்கறேன், ஹேமா இருக்கா. மதகையும் நானே பாத்துக்கறேன். நீ எங்க ஒணுமோ போ. எப்ப ஒணுமோ வா."

சுற்றிலும் தண்ணீர், எனக்கு நீச்சல் தெரியாது, இறங்கிப் போகவும் வழியில்லை. சரி என்று தலையாட்டினேன். என் ஆயுளில் யாரும் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரத்திலிருந்தே அவன் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான். நைனாவைப் புரட்டுவதற்கு எனக்கு இரண்டு வருஷம் பழக வேண்டியிருந்தது, அவனுக்கு நாலு நாளில் வந்துவிட்டது. என் கையால் ஒரு கிண்ணம் கூழ் குடிக்கிறவர் அவன் கையால் ஒன்றரைக் கிண்ணம் குடித்தார். ஒருநாள் வயலிலிருந்து வந்தால் உள்ளே நைனா சிரிக்கிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. வாசலிலேயே செருப்போடு கொஞ்ச நேரம் நின்றேன்.

மதகையும் அவன் விடவில்லை. எங்கள் மதகுக்குத் திருகுக் கம்பி. அதன் தலையில் முழ நீள இரும்புச் சாவியை மாட்டிச் சுற்றினால் பலகை மேலே ஏறும். அது துருப்பிடித்துக் கிடந்தது. நான் முழு பலத்தையும் போட்டுத்தான் சுற்ற முடியும், அது கிறீச்சிடுகிற சத்தம் அக்கரை வரைக்கும் கேட்கும். அவன் ஒரு காலை நேரம் உட்கார்ந்து துருவைச் சுரண்டி கிரீஸ் போட்டான். அப்புறம் ஒரே கையால் சுற்றலாம், சத்தமே இல்லை. எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று என்னிடம் கேட்டு ஹேமாவதிக்கும் சொல்லிக்கொடுத்தான். இதுக்கா அண்ணா இத்தன வருஷம் கஷ்டப்பட்ட என்று கேட்டான். அவன் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. என்மேல் பரிதாபப்பட்டுத்தான் கேட்டான்.

பொங்கல் கூட்டம் முடிந்ததும் நாங்கள் கிளம்புவதென்று ஏற்பாடு. கொடைக்கானலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அங்கேயும் ஒரு ஏரி இருக்குது அண்ணா, அதுல மதகப் பத்தி நீ கவலப்பட வேணாம் என்று சிரித்தான். பிரேமா ஒரு சூட்கேஸ் வாங்கி வந்தாள். ஸ்வெட்டர் வாங்கினாள். ராத்திரி படுக்கும்போது அந்தச் சூட்கேஸைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். தை மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை பயணம். நடந்தது எட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை.

காவல் நிலையத்தில் முதலில் நான் சொன்னது இதுதான். வியாழக்கிழமை எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை. மதகைத் திறக்கும் முன்னால் மேடையில் நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம், கொடுத்தேன். தம்பி அக்கரைப் பக்கம் நீந்துகிறான் என்று நினைத்துத் திறந்தேன். அவன் மதகு வாய்க்குப் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.

அதில் பொய் அதிகம் இல்லை. குரல் கொடுத்தது உண்மை. மூன்று முறையும் "மதகு தெறக்குது" என்று சொன்னேன். இப்போது உங்களிடம் பேசுகிறேனே, இந்த அளவுக்குச் சொன்னேன்.

எத்தனை சுற்று என்று கேட்டார்கள், எண்ணவில்லை என்றேன். வழக்கமாக நாலு சுற்றுதான் சுற்றுவோம். அன்றைக்குப் பதினொன்று. அதற்குமேல் அது சுற்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாராவது மதகு வாயில் இறங்கினால் சாவியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டும். ஆள் இறங்கினால் சாவி கரையில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். மேடையில் நிற்பவன் கை சும்மா இருக்க வேண்டும். அன்றைக்குத் தம்பி நீந்தி வந்து கம்பத்தைத் தொட்டபோது, மதகு வாயில் ஏதோ அடைத்திருக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் முழுகிப் பார் என்று நான்தான் சொன்னேன். அங்கே ஒன்றும் அடைத்திருக்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். என் கையில் சாவி இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அம்மா. பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு இந்நேரம் கெளம்பிக்கினு இருப்ப நீ, இன்னிக்குங் கூட மதகா" என்றான். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

முதல் மூன்று சுற்றுக்குத் தண்ணீர் மேலே அசையாது. நாலாவதில் ஒரு சின்னச் சுழி விழும். துருப்பிடித்த பழைய மதகாக இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே சத்தம் அடிவரைக்கும் கேட்டிருக்கும், அவன் வெளியே வந்திருப்பான். கிரீஸ் போட்டது அவன்தான். போடு என்று நான் கேட்கவில்லை.

பதினொன்றும் சுற்றிய பிறகு சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சுழி பெரிதாக இருந்தது. பிறகு திடீரென்று இழுப்பு குறைந்தது. வாய் அடைத்துக்கொண்டது என்று புரிந்தது. திருப்பிச் சுற்றி மூடினேன். சாவியைக் கொண்டுபோய்க் கரையில் வைத்தேன். அதன்பிறகுதான் ஊருக்குள் ஓடினேன். ஓடும்போது நான் அழுதது நிஜம். இன்னும் அழுகிறேன். அவனை என் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் நான்.

விபத்து என்று எழுதினார்கள். ஊரில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் தெரியும், அம்மா. உங்களுக்கு வயல் பழக்கம் இருக்கிறதோ என்னவோ. தை பிறக்கும்போது சம்பா கதிர் பழுத்து நிற்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிடுவோம், வயல் காய வேண்டும். அந்த வாரம் எங்கள் ஊரில் பாதி வயல் அறுத்தாகிவிட்டது. தை எட்டாம் தேதி முறையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. வாய்க்காலுக்குக் கீழே கன்னியம்மாளின் வயலில் அறுத்துப் போட்டிருந்த நெல்தாளெல்லாம் அன்றைக்கு நனைந்து போயிற்று. அவள் அதை ரோட்டில் பரப்பி உலர்த்தினாள். போலீஸ்காரர் கேட்டபோது, "ஆங், அவன் மொறதாங்க, பாவம்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் நான் சேர்த்து வைத்த நல்ல பெயர் அது. எல்லோருமாகச் சேர்ந்து என்னை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நைனா மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவர் கட்டில் வாய்க்கால் ஓரத்து ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் போலீஸ்காரர் நடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து நைனா பேசினார். குழறலாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"கதுரு பழுத்துக்கினு கீது. ஏண்டா தெறந்த?"

என்ன சொல்கிறார் என்று போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். அவர் பேச்சு வீட்டு ஆளுக்குத்தான் புரியும். தம்பியைக் கேட்கிறார் என்றேன். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கூழ் கொண்டுபோனேன். நைனா வாயைத் திறக்கவில்லை. நான் கிண்ணத்தைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹேமாவதி வந்து வாங்கிக்கொண்டாள். அவள் ஊட்டினாள். அவர் குடித்தார்.

நான் அப்போதும் இங்கே வந்திருக்கமாட்டேன். வந்ததற்குக் காரணம் வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் மதகுக்குப் போனேன், அடுத்த போகமான நவரைக்கு மதகைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஹேமாவதி அங்கே இருந்தாள். மேடைக்குக் கீழே, தண்ணீரைத் தொடுகிற கடைசிப் படியில் உட்கார்ந்து பூவை உதிர்த்து விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவா, நீங்களும் அக்காவும் கெளம்புங்க. அவுரு அதுக்குத்தான் ஆசப்பட்டாரு. நைனாவ நான் பாத்துக்கறேன். மதகுகூட எனுக்கு வருது, அவுரு சொல்லிக் குடுத்தாருல்ல."

அவள் தண்ணீர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. படியில் பாசி இருந்தது. என் கையில் சாவி இருந்தது, முழ நீளம், நல்ல கனம். சுற்றிலும் யாருமில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவளுக்கு இரண்டு எட்டு. நான் அதை ஒருமுறை அளந்து பார்த்தேன்.

சாவியைக் கொண்டுபோய்க் கரையில் வைத்தேன். அப்படியே நடந்து பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டு போய், அங்கிருந்து திருத்தணி பஸ் ஏறி, இங்கே காவல் நிலையத்தில் போய் நின்றேன். வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தச் சாவியைக் கரையில் வைத்திருக்கமாட்டேன். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, என் தம்பி அருண்பாண்டியனை நான்தான் கொன்றேன். தெரிந்து, திட்டமிட்டு, பதினொரு சுற்றையும் எண்ணிக்கொண்டே செய்தேன். யாரும் தூண்டவில்லை. சொத்துத் தகராறு இல்லை. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்னை விடுவிக்கத்தான் பார்த்தான். நான் கிளம்பிப் போனால், அவன் நாலு நாளில் கற்றுக்கொண்ட வேலைக்கு நான் என் ஆயுளைக் கொடுத்தேன் என்று ஆகிவிடும் அல்லவா? அதை நான் எப்படி ஒத்துக்கொள்வது?

புழல் சிறைக்கு அனுப்புவார்கள் என்கிறார்கள். அனுப்பட்டும். எனக்கு ஒரே கவலை வீட்டைப் பற்றித்தான். முந்தாநாள் கிளைச்சிறைக்குப் பிரேமா பார்க்க வந்திருந்தாள். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள், இந்த வெயிலில். நவரைக்கு முதல் தண்ணீர் விட்டாயிற்று என்றாள். ஹேமாவதி மேடையில் நின்று மூன்று முறை குரல் கொடுத்தாளாம், ஊர்க்கோடி வரைக்கும் கேட்டதாம். தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் ஒழுங்காகப் பாய்ந்ததாம். நைனா இப்போது இரண்டு கிண்ணம் கூழ் குடிக்கிறாராம். சனிக்கிழமை வேன்கூட வந்ததாம்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நானில்லாமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்பது எனக்குத் தெரியாதா அம்மா? பாவம் பிரேமா, என் மனசு நோகக்கூடாதென்று பொய் சொல்கிறாள்.